ஊருக்குப் பக்கத்தில் ஒரு காடு

பிள்ளைகள் அமெரிக்காவில் வேலை பார்க்கும் வீடுகளின் வரவேற்பறையில் ஒரு படம் தப்பாமல் மாட்டியிருக்கும். நீல நிற பிளாஸ்டிக் மழைக்கோட்டுக்குள் அப்பாவும் அம்மாவும் நனைந்த முகத்தோடு சிரித்துக்கொண்டிருப்பார்கள். பின்னால் நயாகரா புகைந்துகொண்டிருக்கும். அவர்கள் நின்ற இடம் ஒரு மாநிலப் பூங்கா, அதாவது ஸ்டேட் பார்க். நயாகரா போய் வந்த பலருக்கே இது தெரியாது. நியூயார்க் மாநிலம் 1885-ல் ஏற்படுத்திய அந்தப் பூங்காதான் அமெரிக்காவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா என்று பெயர் பெற்றது.

அதற்கு முன் அருவியைச் சும்மா பார்த்துவிட முடியாது. கரையோர நிலமெல்லாம் தனியார் கையில் இருந்தது. வேலியடைத்து, காசு கொடுத்தவர்களை மட்டும் உள்ளே விட்டார்கள். ஆற்றங்கரையை ஆலைகள் அடைத்துக்கொண்டிருந்தன. நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த பிரெடரிக் லா ஓல்ம்ஸ்டெட் உள்ளிட்ட பலர் ஆண்டுக்கணக்கில் இதை எதிர்த்துப் பேசினார்கள், எழுதினார்கள், கையெழுத்து வாங்கினார்கள். கடைசியில் மாநில அரசு ஏறக்குறைய 14 லட்சம் டாலர் கொடுத்து நிலத்தை வாங்கியது. 1885 ஜூலை 15-ல் பூங்கா திறக்கப்பட்டது. இன்றும் அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. காரை நிறுத்தவும் படகில் போகவும்தான் காசு. கரையில் நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அமெரிக்கக் காடு என்றாலே யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் போன்ற தேசியப் பூங்காக்கள்தான் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வரும். அவை மத்திய அரசின் கையில் இருப்பவை. மாநிலப் பூங்காக்களை அந்தந்த மாநில அரசு நடத்துகிறது. பரப்பளவில் இவை சிறியவை. ஆனால் கூட்டத்தில் தம்பி அண்ணனை மிஞ்சிவிட்டான். தேசியப் பூங்கா அமைப்பின் எல்லா இடங்களுக்கும் சேர்த்து 2024-ல் வந்த வருகைகள் சுமார் 33 கோடி, அதுவே ஒரு சாதனை. மாநிலப் பூங்காக்களுக்கான வருகைகள் ஆண்டுக்கு 80 கோடியைத் தாண்டுகின்றன.

காரணம் தூரம்தான். கிராண்ட் கேன்யனுக்கு விமான டிக்கெட் எடுக்க வேண்டும், லீவு சொல்ல வேண்டும். மாநிலப் பூங்காவுக்குச் சனிக்கிழமை காலை இட்லியைக் கட்டிக்கொண்டு கிளம்பி, இருட்டும் முன் வீடு திரும்பிவிடலாம். பென்சில்வேனியாவில் 1955 முதல் 1979 வரை வனத்துறைப் பொறுப்பில் இருந்த மாரிஸ் காடர்ட் இதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார். மாநிலத்தில் யார் எங்கே குடியிருந்தாலும் 25 மைலுக்குள் ஒரு பூங்கா இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்த மாநிலத்தில் இன்று 120-க்கும் மேற்பட்ட பூங்காக்கள் இருக்கின்றன. எதிலும் நுழைவுக் கட்டணம் இல்லை. அழகான இடம் எங்கே இருக்கிறது என்று தேடிப் போவது ஒரு வழி. ஜனங்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்துப் பூங்கா போடுவது இன்னொரு வழி. இரண்டாவதை யோசித்த அதிகாரிக்குத்தான் குழந்தை குட்டியோடு இருக்கும் குடும்பங்கள் நன்றி சொல்ல வேண்டும்.

பகலில் போய் வருவதோடு நிறுத்தாமல் ராத்தங்கும்போதுதான் பூங்காவின் முழு ருசி தெரியும். கேம்பிங்குக்கு ஒதுக்கிய ஒவ்வொரு மனையிலும் ஒரு மர மேஜை, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம், கார் நிறுத்தச் சிறு இடம் இருக்கும். சற்றுத் தள்ளிக் குழாயும் கழிப்பறையும். பல இடங்களில் வெந்நீர்க் குளியலறையும் உண்டு. ஓர் இரவுக்குப் பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது டாலருக்குள் முடிந்துவிடும். மோட்டல் அறை வாடகையோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு.

டென்ட் அடிப்பதில் புதியவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். தரையில் முதலில் ஒரு தார்ப்பாய் விரிப்பார்கள். அது டென்டின் அடிப்பாகத்தைவிடப் பெரிதாக, நாலு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். பெரியதாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். இரவில் மழை பெய்தால் வெளியே நீட்டிய ஓரத்தில் விழும் தண்ணீரெல்லாம் வழிந்து டென்டுக்கு அடியில் தேங்கிவிடும். அதனால் ஓரங்களை உள்ளே மடித்துவிட வேண்டும். முளைகளைச் செங்குத்தாக அடிக்காமல் தலைப்பகுதி டென்டுக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்கும்படி அடித்தால்தான் காற்றுக்குப் பிடுங்கிக்கொண்டு போகாது. குளிர் விஷயத்திலும் இப்படி ஒரு சங்கதி உண்டு. மேலே மூன்று போர்வை போர்த்தியும் நடுங்குகிறவர்கள், பெரும்பாலும் கீழே ஒன்றும் விரிக்காதவர்கள். தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். போர்வைக்கு ஆகும் காசில் பாதியை முதுகுக்குக் கீழே போடும் மெத்தை விரிப்புக்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

இதெல்லாம் யார் சொல்லிக் கொடுப்பார்கள் என்று தயங்குகிறவர்களுக்காக டெக்சாஸ் மாநிலப் பூங்காத் துறை ‘டெக்சாஸ் அவுட்டோர் ஃபேமிலி’ என்று ஒரு பயிற்சி நடத்துகிறது. டென்ட், அடுப்பு, விளக்கு எல்லாவற்றையும் அவர்களே தருவார்கள். ரேஞ்சர்கள் பக்கத்தில் நின்று டென்ட் அடிக்கவும் நெருப்பு மூட்டவும் காட்டிக் கொடுப்பார்கள். டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் நிறைந்திருக்கும் நம்மவர்களுக்கு இது தோதான ஏற்பாடு. ஒருமுறை முயன்று பார்த்து, பிடித்தால் மட்டும் சாமான் வாங்கினால் போதும். சாமானை முதலில் வாங்கி கராஜில் அடுக்கிவிட்டுப் போகாமலே இருப்பதுதானே வழக்கம்!

ராத்திரிச் சாப்பாடும் கேம்பிங்கின் முக்கியமான அங்கம். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தால் ‘ஸ்மோர்ஸ்’ வேண்டும். குச்சியில் குத்திச் சுட்ட மார்ஷ்மெல்லோவைச் சாக்லேட்டோடு சேர்த்து இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவே வைத்து அமுக்கித் தின்பது. இதன் செய்முறை 1927-லேயே பெண் சாரணர்களுக்கான ஒரு கையேட்டில் அச்சாகியிருக்கிறது. தமிழ்க் குடும்பங்களில் அதோடு புளியோதரையும் தயிர்சாதமும் சேரும். மேஜையில் ஒரு டப்பா முறுக்கும் இருக்கும்.

இந்த முறுக்குக்கும் கலிபோர்னியாவின் காடு ஒன்றுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. சிலிக்கன் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிப் போனால் வரும் பிக் பேசின் பூங்கா 1902-ல் ஏற்பட்டது. கலிபோர்னியாவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா அதுதான். ரெட்வுட் என்னும் வானுயர்ந்த மரங்கள் அங்கே நிற்கின்றன. ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டியவையும் அவற்றில் உண்டு. மார்பிள்ட் மர்ரலெட் என்று ஒரு கடற்பறவை. கடலில் மீன் பிடித்துத் தின்னும் அது, முட்டையிட மட்டும் மைல் கணக்கில் பறந்து வந்து முதுமரங்களின் உயரமான கிளையில் பாசிமேல் உட்காரும். அதன் கூடு எங்கே இருக்கிறது என்பது பறவை ஆய்வாளர்களுக்குப் பல காலம் புதிராகவே இருந்தது. 1974-ல் பிக் பேசினில் மரமேறிய ஒரு தொழிலாளி தற்செயலாக அதைப் பார்த்தார். ஒரு பருவத்தில் ஒரே ஒரு முட்டைதான் இடும். அந்த முட்டைக்கு எமன், ஸ்டெல்லர் ஜே என்ற நீலப் பறவை. இது காக்கை இனம். மனிதர் சிந்தும் தீனி கிடைக்கும் இடத்தில் பெருகிவிடும். பெருகிய கூட்டம் சும்மா இருக்காது. மேலே ஏறி முட்டையைக் கொத்திவிடும். அதனால் அங்கே ஒரு துணுக்குகூடச் சிந்தக் கூடாது என்பது கண்டிப்பான விதி. சிப்ஸ் தூள், முறுக்குத் தூள் எதுவாக இருந்தாலும் பொறுக்கி எடுத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். அணிலுக்கு ஒரு கடலை போட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கும் குழந்தைக்குச் சொல்ல இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

அந்தப் பூங்காவே ஒரு கோபத்தில் பிறந்ததுதான். ஆண்ட்ரூ ஹில் என்ற புகைப்படக்காரர் அக்கம்பக்கத்து ரெட்வுட் தோப்பு ஒன்றைப் படமெடுக்கப் போனார். தோப்புக்காரர் தடுத்துச் சண்டை போட்டார். இந்த மரங்கள் ஒருவருடைய சொத்தாக இருப்பதாவது என்று பொருமிய ஹில், 1900-ல் நண்பர்களைச் சேர்த்துச் சங்கம் கண்டார். இரண்டே ஆண்டில் மாநில அரசை நிலம் வாங்க வைத்தார். 2020 ஆகஸ்டில் மின்னல் விழுந்து மூண்ட காட்டுத்தீ பூங்காவின் பெரும்பகுதியை எரித்துவிட்டது. 1930-களில் கட்டிய தலைமையகக் கட்டடம் சாம்பலானது. மரங்களோ பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. ஒரு அடி கனம் வரை வளரும் பட்டை அவற்றுக்குக் கவசம். கரியான தண்டிலிருந்தே பச்சைத் துளிர் புசுபுசுவென்று கிளம்பியது. 2022-ல் ஒரு பகுதியைத் திறந்துவிட்டார்கள். முன்பதிவு செய்துகொண்டு போகும் குடும்பங்கள் இப்போது பார்ப்பது, கருப்பு மரத்தில் பச்சை முளைக்கும் காட்சி.

விறகு விஷயத்தில் பல பூங்காக்களில் கெடுபிடி அதிகம். வீட்டுக் கொல்லையில் வெட்டிய விறகு இருக்கிறதே, காரில் போட்டுக்கொண்டு போகலாம் என்றால் விடமாட்டார்கள். ஆசியாவிலிருந்து வந்து 2002-ல் மிச்சிகனில் முதன்முதலாகக் கண்ணில் பட்ட ஒரு பச்சை வண்டு கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைத் தின்று தீர்த்தது. அது தானாகப் பறந்து போகும் தூரம் குறைவு. விறகுக்கட்டுக்குள் புழுவாக உட்கார்ந்து, காரில் நூற்றுக்கணக்கான மைல் போய் இறங்கியது. பக்குவம் செய்யாத விறகை 50 மைலுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்று நியூயார்க்கில் விதியே இருக்கிறது. பூங்கா வாசலிலேயே கட்டு விறகு விற்பார்கள்.

பூங்காவுக்குள் போனால் கல்லால் கட்டிய பாலம், மரத்தூண் வைத்த மண்டபம், மலைச்சரிவில் செதுக்கிய படிக்கட்டு எல்லாம் கண்ணில் படும். அவற்றில் பல ஒரே காலத்தைச் சேர்ந்தவை. பொருளாதார வீழ்ச்சியில் நாடு நொடித்துக் கிடந்த 1933-ல் அதிபர் ரூஸ்வெல்ட் வேலையில்லா இளைஞர்களுக்காக ஒரு படை அமைத்தார். சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்று பெயர். மாதம் 30 டாலர் சம்பளம். அதில் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். 1942 வரை சுமார் 30 லட்சம் பேர் அதில் வேலை பார்த்தார்கள். மரம் நட்டார்கள், பாதை போட்டார்கள், நூற்றுக்கணக்கான மாநிலப் பூங்காக்களை உருவாக்கினார்கள். டெக்சாஸில் ஃபிரியோ ஆற்றங்கரையில் உள்ள கார்னர் பூங்காவில் அவர்கள் கட்டிய கல் மண்டபத்தில் 1940-களிலிருந்து கோடை இரவுகளில் நடனம் நடக்கிறது. காசு போட்டால் பாட்டுப் பாடும் ஜூக்பாக்ஸ்தான் வாத்தியம். பகலெல்லாம் ஆற்றில் மிதந்த பிள்ளைகள் ராத்திரி தாத்தா பாட்டியோடு அங்கே ஆடுகிறார்கள். ‘நானும் இவளும் முதலில் சந்தித்தது இங்கேதான்’ என்று சொல்லும் கிழவர்கள் அந்த ஊரில் சகஜம்.

மின்னசோட்டாவின் இட்டாஸ்காவிலும் அந்த இளைஞர்களின் கைவண்ணம் இருக்கிறது. மிசிசிப்பி ஆறு பிறக்கும் ஏரி அது. ஏரியிலிருந்து வழியும் தண்ணீர், முழங்கால் அளவு ஓடையாகக் கற்களின் மேல் சலசலக்கும். நாலு வயதுக் குழந்தைகூடக் கையைப் பிடித்துக்கொண்டு மிசிசிப்பியைக் கடந்துவிடலாம். கடந்ததும் படமெடுத்துக்கொள்ளாதவர்கள் இல்லை. ஆனால் அந்தக் கல் வரிசை இயற்கை வைத்தது அல்ல. சேறும் சதுப்புமாகக் கிடந்த இடத்தை 1930-களில் மண் கொட்டி மேடாக்கி, கல்லடுக்கி அழகுபடுத்தினார்கள். ஒரு மாபெரும் நதியின் தொடக்கம் சகதியாக இருந்தால் நன்றாகவா இருக்கும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் சிரிக்கும் குழந்தைகளைப் பார்த்தால் அப்படி நினைத்தவர்களைக் குறை சொல்லவும் மனம் வராது.

இட்டாஸ்கா 1891-லேயே பூங்காவாகிவிட்டது. ஆனாலும் மரம் வெட்டும் கம்பெனிகள் விடவில்லை. வெட்டிய கட்டைகளை மிதக்கவிட அணையை மூடித் தண்ணீரைத் தேக்குவார்கள். கரையோர மரங்கள் மூழ்கி அழுகும். 1903-ல் பூங்காப் பொறுப்பாளராக இருந்த தந்தை இறந்துபோக, 24 வயது மேரி கிப்ஸ் அந்தப் பதவிக்கு வந்தார். அணைக்கு நேரே போய் மதகைத் திறக்கச் சொன்னார். கம்பெனி ஆட்கள் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார்கள். அவர் பதவியில் இருந்தது சில மாதங்களே. இன்று ஆற்றின் தலைப்பக்கத்தில் உள்ள வரவேற்பு மையத்துக்கு அவர் பெயர்தான்.

எல்லாருக்குமான இடம் என்ற பேச்சுக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. தென் மாநிலங்களில் பல பத்தாண்டுகளாகப் பூங்காக்கள் வெள்ளையருக்கே திறந்திருந்தன. கறுப்பின மக்களுக்குத் தனியாக ஒன்றிரண்டை ஒதுக்குவார்கள், அதுவும் இல்லாத ஊர்களே அதிகம். தெற்குக் கரோலைனாவில் கறுப்பினத்தவர் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். பூங்காக்களை எல்லாருக்கும் திறக்க வேண்டும் என்று 1963-ல் நீதிமன்றம் சொன்னது. மாநில அரசு என்ன செய்தது? எல்லாப் பூங்காக்களையும் மொத்தமாகப் பூட்டிவிட்டது. மறு ஆண்டு திறந்தபோதும் நீச்சலும் ராத்தங்கலும் கிடையாது என்றார்கள். இரண்டு நிறத்தவரும் ஒரே குளத்தில் இறங்குவதையும், ஒரே மரத்தடியில் உறங்குவதையும் அவர்களால் சகிக்க முடியவில்லை. தடையெல்லாம் நீங்கி முழுதாகத் திறக்க 1966 ஆயிற்று. குளத்தில் இறங்கும் உரிமைக்கு நீதிமன்றப் படியேற வேண்டியிருந்த கதை தமிழ் வாசகர்களுக்குப் புதிதாக இருக்காது.

நடைப் பாதைகளில் வகைக்குப் பஞ்சமில்லை. நியூயார்க்கின் வாட்கின்ஸ் கிளென்னில் ஒரு குறுகிய மலையிடுக்குக்குள் பத்தொன்பது அருவிகள். இரண்டு மைலுக்கும் குறைவான தூரம். கல்படிகள் 832, பழனியைவிடச் சற்று அதிகம். ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்கு முழங்கால் வலி இருந்தால், கீழ்வாசல் பக்கத்தோடு நின்றுகொள்ளலாம். கோடையில் கிழக்கு மாநிலங்களில் புல்வெளியோரம் நடப்பவர்கள் வீடு திரும்பியதும் குழந்தைகளின் காதோரம், அக்குள், முழங்கால் மடிப்பு ஆகிய இடங்களைத் தடவிப் பார்க்க வேண்டும். எள்ளளவே இருக்கும் ஒருவகை உண்ணி லைம் நோயைப் பரப்பும். ஒட்டியிருப்பதைச் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். ஒரு நாளுக்குள் எடுத்துவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு குறைவு.

குளிர்காலத்தில் யார் காட்டுக்குப் போவார்கள் என்று கேட்கத் தோன்றும். 1992-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் புத்தாண்டு முதல் நாளன்று ரேஞ்சரோடு நடக்கும் வழக்கத்தைத் தொடங்கினார்கள். 2012-க்குள் அது ஐம்பது மாநிலங்களுக்கும் பரவிவிட்டது. பென்சில்வேனியாவின் செர்ரி ஸ்பிரிங்ஸ் பூங்காவுக்கு வருகிறவர்களோ இருட்டைப் பார்க்க வருகிறார்கள். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இவ்வளவு கும்மிருட்டான வானம் அபூர்வம். தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் கூடும் மைதானத்தில் வெள்ளை டார்ச் அடிக்கக் கூடாது, சிவப்பு விளக்குதான். செல்போனை எடுத்தால் பக்கத்தில் இருப்பவர் முறைப்பார். பதின்பருவப் பிள்ளைகளிடமிருந்து போனை வாங்கிவைக்க இதைவிடச் சண்டையில்லாத வழி வேறு கிடையாது.

செலவைக் குறைக்கவும் வழிகள் இருக்கின்றன. கலிபோர்னியாவில் பொது நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோலப் பூங்கா நுழைவுச் சீட்டையும் இரவல் வாங்கலாம். நாலாம் வகுப்புப் படிக்கும் குழந்தை உள்ள குடும்பங்களுக்குக் குறிப்பிட்ட பூங்காக்களில் இலவசம். ராத்தங்க இடம் பிடிப்பதுதான் பெரும்பாடு. கலிபோர்னியாவில் ஆறு மாதத்துக்கு முன்னால் காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். கடற்கரையோர மனைகள் எட்டு ஐந்துக்கெல்லாம் தீர்ந்திருக்கும். ஞாயிறு இரவோ வாரநாளோ என்றால் இடம் கிடைப்பது சுலபம். ரத்தாகும் மனைகளும் கடைசி வாரத்தில் நிறையத் திரும்பி வரும்.

இவ்வளவு தேவை இருந்தும் பூங்காக்கள் கைநழுவிப் போவதும் உண்டு. டெக்சாஸில் ஃபேர்ஃபீல்ட் லேக் பூங்கா சுமார் ஐம்பது ஆண்டுகளாகக் குடும்பங்கள் மீன் பிடித்த இடம். ஆனால் நிலம் மாநிலத்துடையது அல்ல; ஒரு மின்நிலையக் கம்பெனி குத்தகைக்குக் கொடுத்தது. மின்நிலையம் 2018-ல் மூடப்பட்டது, நிலம் விலைக்கு வந்தது. டாலஸைச் சேர்ந்த ஒரு மனைத்தொழில் நிறுவனம் வாங்கியது. கேட் போட்ட குடியிருப்பும் கோல்ஃப் மைதானமும் கட்டுவது திட்டம். 2023 ஜூன் மாதம் பூங்காவைப் பூட்டினார்கள். நிலத்தைக் கையகப்படுத்தப் பூங்கா ஆணையம் தீர்மானம் போட்டும், விலை எட்டாத உயரத்துக்குப் போனதால் பிறகு கைவிட்டது. அதே ஆண்டு நவம்பரில், புதிய பூங்காக்களுக்கு நிலம் வாங்க நூறு கோடி டாலர் நிதி ஒதுக்கலாமா என்று டெக்சாஸ் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டவர்கள் ஒதுக்கலாம் என்றார்கள்.